தோள்வலிக்கு ஊசி வழியே கரன்ட்: பயிற்சியை விட்டுவிட்டு அதைச் செய்துகொள்ளலாமா?

கடிதத்தின் சுருக்கம்

ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒன்றில் சத்துணவுச் சமையலராகப் பணிபுரியும் 50 வயது வாசகி, தம் மகளைக் கொண்டு எழுதி அனுப்பிய நான்கு பக்கக் கடிதத்தை, ஊரும் பெயரும் நீக்கிச் சுருக்கித் தருகிறேன். ஒன்பது ஆண்டுகளாக அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. கடைசியாகப் பார்த்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, அதாவது எச்.பி.ஏ.1.சி., 9.1. எட்டு மாதங்களுக்கு முன் வலது தோளில் தொடங்கிய வலி, முதலில் அண்டாவை இறக்கும்போது மட்டும் தெரிந்து, பிறகு இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டது. இப்போது கொண்டை போடக் கை எட்டவில்லை. முதுகுப் பக்கம் கை போவதே இல்லை. எக்ஸ்ரேயில் கோளாறு எதுவும் தெரியவில்லை. பார்த்த மருத்துவர் வாயால் ‘தேய்மானம்’ என்று சொல்லி, சீட்டில் ‘பி.ஏ. ஷோல்டர்’ என்று எழுதி, வலி மாத்திரையும் பிசியோதெரபியும் பரிந்துரைத்திருக்கிறார். இரண்டு வாரம் பயிற்சி செய்ததில் வலி கூடியதால், உள்ளே ஏதோ கிழிகிறது என்று பயந்து நிறுத்திவிட்டார்.

பக்கத்து நகரத்தில் உள்ள ஒரு சிகிச்சை மையத்தில், ஊசி குத்தி அதில் கரன்ட் வைத்தால் இருபது ‘சிட்டிங்’கில் சரியாகிவிடும், ஒரு தடவைக்கு 600 ரூபாய், மொத்தம் 12,000 ரூபாயை முன்பணமாகக் கட்டினால் தள்ளுபடி உண்டு, பயிற்சி எதுவும் வேண்டாம், கைக்கு ஓய்வு கொடுத்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். போகப்போகச் சர்க்கரை மாத்திரையையும் விட்டுவிடலாம் என்ற பேச்சும் வந்திருக்கிறது. ஊசியும் கரன்டும் பலன் தருமா, அதோடு பயிற்சியும் செய்யலாமா, கரன்டால் இதயத்துக்கு ஆபத்து உண்டா, ஊசி பலிக்காவிட்டால் ஆபரேஷன்தான் வழியா என்பவை அவருடைய கேள்விகள்.

மருத்துவரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

மாதக்கணக்கில் இரவில் சரியாகத் தூங்காமல், காலையில் எழுந்து நூறு பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கும் ஒருவருக்கு, ‘இருபது தடவையில் சரியாகும்’ என்ற சொல் எவ்வளவு பெரிய ஆறுதலாக இருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. ஊசி வழியே மெல்லிய மின்சாரம் செலுத்தும் எலக்ட்ரோ அக்குபங்சர் வெறும் ஏமாற்று வேலை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பயிற்சியை நிறுத்திவிட்டு அதை மட்டும் செய்துகொள்வதும், இருபது தடவைக்கு முன்பணம் கட்டுவதும், சர்க்கரை மாத்திரையை விடுவதும் ஆகிய மூன்றுமே தவறு என்று உறுதியாகச் சொல்வேன். இந்த மூன்றில் கடைசியாக உள்ளதுதான் உங்கள் தோளுக்கே அதிகக் கேடு செய்யக்கூடியது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், இது எந்தத் தோள்வலி?

தோள்வலி என்ற ஒரே பெயருக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன. ஐம்பதை ஒட்டிய வயதில் நாங்கள் அடிக்கடி பார்ப்பவை இரண்டு. தோள் மூட்டைச் சுற்றி அணைத்துப் பிடிக்கும் நான்கு சிறு தசைகளின் நாண்கள் நலிந்து, கையைத் தூக்கும்போது வலிப்பது ஒன்று. மூட்டைச் சுற்றியுள்ள பை போன்ற உறை வீங்கித் தடித்துச் சுருங்கி, கையை அசையவிடாமல் பூட்டிவிடுவது மற்றொன்று. இந்த இரண்டாவதைத்தான் ‘உறைந்த தோள்’ என்கிறோம். உங்கள் சீட்டில் உள்ள ‘பி.ஏ.’ என்பது ‘பெரிஆர்த்ரைட்டிஸ்’ என்பதன் சுருக்கம். 1872இல் துய்ப்லே என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் வைத்த பழம்பெயர், நம்மூர்ச் சீட்டுகளில் இன்னமும் புழங்குகிறது. அதற்கு ‘மூட்டைச் சுற்றிய அழற்சி’ என்றுதான் பொருள். ‘தேய்மானம்’ என்று பொருளல்ல. முழங்கால் தேய்வதைப் போல உங்கள் தோள் தேய்ந்துபோகவில்லை என்பதற்கு அந்த எக்ஸ்ரேயே சாட்சி. உறையின் சுருக்கமும் நாணின் நலிவும் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. ஆகவே, எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதற்காக உங்கள் வலி பொய் என்றும் ஆகிவிடாது.

கடிதத்தைப் படித்து நோயை உறுதி செய்ய முடியாது. ஆனாலும் நீங்களும் மகளும் வீட்டில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளலாம். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி, முன்கைகளை எதிரே நீட்டி, இரண்டையும் கதவு திறப்பதுபோல வெளிப்பக்கம் விரியுங்கள். வலது கை இடது கையின் பாதியளவுகூட விரியவில்லையா என்று பாருங்கள். பிறகு நீங்கள் கையைத் தளர்த்திவிட, மகள் மெதுவாக விரித்துப் பார்க்கட்டும். அவள் விரித்தாலும் அதே இடத்தில் முட்டி நின்றால் உறை சுருங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அவள் விரித்தால் எளிதாகப் போய், நீங்களாகச் செய்யும்போது மட்டும் போகவில்லை என்றால், கோளாறு தசை நாணிலோ நரம்பிலோ இருக்கலாம். சர்க்கரை நோய், உங்கள் வயது, முதுகுப் பக்கம் கை போகாமை, இரவு வலி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது நான் உறைந்த தோளையே சந்தேகிக்கிறேன். எலும்பு மூட்டு மருத்துவரோ உடலியக்க மறுவாழ்வு மருத்துவரோ உங்கள் தோளைத் தொட்டு அசைத்துப் பார்த்து இதை உறுதிப்படுத்த வேண்டும். இதற்கு எம்.ஆர்.ஐ. உடனடியாகத் தேவையில்லை.

ஊசியும் கரன்டும் உள்ளே என்ன செய்கின்றன?

பிசியோதெரபியில் தோலின் மேல் பட்டை ஒட்டி ‘கரன்ட் வைத்திருப்பார்கள்’. இங்கே அந்தப் பட்டைக்குப் பதிலாக, தலைமுடியைவிடச் சில மடங்கே தடித்த, மருந்தில்லாத ஊசி தசைக்குள் இறங்குகிறது. இரண்டு ஊசிகளுக்கு இடையே மிகக் குறைந்த மின்சாரம் துடிப்புத் துடிப்பாகப் பாய்கிறது. இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. பிரான்சில் சார்லாந்தியேர் என்ற மருத்துவர் 1825லேயே இதைப் பற்றி நூல் எழுதிவிட்டார். சீனாவில் ஹான் ஜிஷெங்கின் ஆய்வுக்கூடம் பல பத்தாண்டுகள் இதை ஆராய்ந்து, விநாடிக்கு 2 துடிப்பு என்ற மெதுவான மின்சாரம் ஒருவகை வலிநீக்கும் பொருள்களையும், விநாடிக்கு 100 துடிப்பு என்ற வேகமான மின்சாரம் வேறொரு வகையையும் நரம்பு மண்டலத்தில் சுரக்கச் செய்வதைக் காட்டியது. நம் உடலே சுரக்கும், அபினை ஒத்த பொருள்கள் அவை.

ஆகவே வலி குறைவதற்கு உடலியல் அடிப்படை உண்டு. ஆனால், கரன்ட் சுருங்கிய உறையை நீட்டாது. உள்ளே ‘கட்டிய நீரை’ உடைக்காது. நலிந்த நாணுக்கு வலுவும் ஏற்றாது. என் அனுபவத்தில் அந்த வலிக்குறைவு பெரும்பாலும் சில மணி நேரம், மிஞ்சினால் ஓரிரு நாள் நிற்கிறது. அந்த நேரத்தைப் பயன்படுத்திக் கையை அசைத்துப் பழக்கினால்தான் கொடுத்த காசுக்குப் பொருள். வலி குறைந்த நேரத்தில் கையைக் கட்டி வைத்துக்கொள்ளச் சொல்வது, அடுப்பு நன்றாக எரியும்போது உலையை இறக்கி வைப்பதைப் போன்றது.

சேர்த்துச் செய்தால் கூடுதல் பலன் உண்டா?

உங்கள் கேள்வியையே நேராகக் கேட்ட ஓர் ஆய்வு பிரிட்டனில் நடந்து 2017இல் வெளியானது. தோளின் உச்சியிலுள்ள எலும்புக்கு அடியில் வலிக்கும் 227 பேரை மூன்று அணிகளாகப் பிரித்து, ஓர் அணிக்குக் குழுவாகப் பயிற்சி மட்டும், இன்னோர் அணிக்குப் பயிற்சியோடு சாதாரண அக்குபங்சர், மூன்றாவது அணிக்குப் பயிற்சியோடு மின் அக்குபங்சர் என்று கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட ஊசியோ கரன்டோ சேர்த்துக்கொண்டவர்கள் கூடுதலாகத் தேறவில்லை. இதற்கு மாறாக, ஸ்பெயினில் 425 பேரிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், பிசியோதெரபியோடு அக்குபங்சரும் சேர்ந்தபோது முன்னேற்றம் சற்று அதிகமாக இருந்தது. அதில் ஊசி குத்தியது தோளில் அல்ல, முழங்காலுக்குக் கீழே ஒரே ஒரு புள்ளியில்! அமெரிக்காவில் 2021இல் வெளியான வேறோர் ஆய்விலும் மின் ஊசிக்குச் சாதகமான முடிவு வந்தது. ஆனால் அங்கே முதுகெலும்பை விசையோடு அழுத்தித் திருப்பும் சிகிச்சையும் சேர்ந்திருந்ததால், தேறியதில் ஊசியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

இவற்றை வைத்து நான் எடுக்கும் முடிவு இது: சிலருக்கு ஊசி வலியைச் சிறிது காலம் தணிக்கலாம்; ஊசி மட்டுமே பயிற்சியின் இடத்தை நிரப்பியதாக இந்த ஆய்வுகள் காட்டவில்லை; இந்த மூன்று ஆய்வுகளிலும் ஊசி பெற்றவர்கள் கூடவே வேறு சிகிச்சையும் பெற்றவர்கள்தாம். ‘பயிற்சி வேண்டாம், ஓய்வு போதும்’ என்று அந்த மையம் சொன்னதற்கு இவற்றில் எங்கும் ஆதரவில்லை. தவிர, இவற்றில் பெரும்பகுதி தசை நாண் வலியைப் பற்றியது. உங்களுக்கு உறைந்த தோள் என்று உறுதியானால், அந்த முடிவுகளை அப்படியே உங்களுக்குப் பொருத்தவும் நான் தயங்குவேன்.

பயிற்சியால் கிழிந்துவிடுமா?

கிழியாது. நீங்கள் நிறுத்தியதற்கு நான் உங்களைக் குறை சொல்லவும் மாட்டேன். வலி எவ்வளவு வரலாம், எப்போது குறைக்க வேண்டும் என்பதை யாரும் உங்களுக்கு விளக்கியதாகக் கடிதத்தில் தெரியவில்லை. உறைந்த தோளின் முதல் சில மாதங்களில் கையை முரட்டுத்தனமாக இழுத்து நீட்டினால் வலி கூடத்தான் செய்யும். அளவு இதுதான்: வலியைப் பத்துக்கு மதிப்பிட்டால், பயிற்சியின்போது நான்கு வரை வரலாம், ஒரு மணி நேரத்துக்குள் அது பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும், அன்றிரவுத் தூக்கம் வழக்கத்தைவிடக் கெடக்கூடாது. கெட்டால் மறுநாள் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், நிறுத்த வேண்டாம்.

மேசையில் இடது கையை ஊன்றிக் குனிந்து, வலது கையைத் தொங்கவிட்டுக் கடிகார ஊசல்போல முன்னும் பின்னும், பிறகு சிறு வட்டமாகவும் ஆட்டுங்கள். மல்லாந்து படுத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, துடைப்பக்கட்டை போன்ற ஒரு கோலை இரு கைகளாலும் பிடித்து, இடது கையால் தள்ளி வலது முன்கையை வெளிப்பக்கம் விரியச் செய்யுங்கள். உங்களுக்கு மிக முக்கியமானது இதுதான். மேசைமேல் துண்டு விரித்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்து முன்னே சறுக்கிக் கொண்டுபோங்கள். வெந்நீரில் குளித்த பிறகு செய்தால் எளிதாக இருக்கும். ஒவ்வொன்றும் பத்துத் தடவை, நாளொன்றுக்கு மூன்று நான்கு வேளை, வேளைக்கு ஐந்து நிமிடம் போதும். சுவரில் விரல்களால் ஏறுவதும், முதுகுக்குப் பின்னால் துண்டு பிடித்து இழுப்பதும் இரவு வலி அடங்கிய பிறகு வரட்டும்; முன்பு பயிற்சி செய்த இரண்டு வாரத்தில் உங்களை மிரட்டியது இந்தத் துண்டு இழுப்பாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

இதற்காகத் தினமும் பேருந்து ஏறி நகரத்துக்குப் போகவும் வேண்டாம். பிரிட்டனில் தசை நாண் வலி உள்ள 708 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், ஒரே ஒரு முறை நன்றாகச் சொல்லிக்கொடுத்து வீட்டில் செய்யச் சொன்னவர்கள், ஆறு முறை வரை வரவழைத்துப் பயிற்சி கொடுக்கப்பட்டவர்களுக்கு ஓராண்டு முடிவில் சமமாகவே தேறியிருந்தார்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபிச் சேவையும் சர்க்கரை மாத்திரையும் உண்டு. உங்கள் ஊர்ச் சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

வேலையைப் பொறுத்தவரை, நிறைந்த அண்டாவைத் தனியாக இறக்காதீர்கள். உதவியாளரோடு இரு பக்கமும் பிடித்து, உடம்போடு ஒட்டியபடி இறக்குங்கள். அடுப்பு உயரமாக இருந்தால் அசையாத பலகை மேல் நின்று கிண்டுங்கள். முழங்கை தோள் மட்டத்துக்கு மேலே போகாமல் இருந்தாலே பாதி வலி குறையும்.

ஊசி போட்டுத்தான் பார்ப்பேன் என்றால்

அது உங்கள் உரிமை, நான் தடுக்கமாட்டேன். ஆனால் சிலவற்றை அந்த மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும், சொல்லவும் வேண்டும்.

தகுதி: 2019இல் மத்திய அரசு அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாக அங்கீகரித்தது உண்மை. அதனால் பலகை மாட்டிய எல்லோரும் ஊசி குத்தத் தகுதியானவர்கள் ஆகிவிடமாட்டார்கள். ஐந்தரை ஆண்டு இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பை முடித்தவரா, தனிப் பயிற்சி பெற்ற மருத்துவரா, இல்லை சில வாரச் சான்றிதழ்தானா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். கேட்டதற்குக் கோபித்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஊசி: உங்கள் கண்ணெதிரே உறை பிரித்த, ஒரு முறை பயன்படுத்தி எறியும் ஊசியாக இருக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சிறு கிருமித் தொற்றும் பெரிதாகும்.

நுரையீரல்: இதயத்தைப் பற்றிக் கேட்டீர்கள், நான் அதைவிட நுரையீரலை நினைத்தே அதிகம் கவலைப்படுவேன். தோளும் கழுத்தும் சேரும் மேட்டுக்கு அடியில் நுரையீரலின் நுனி இருக்கிறது. ஊசி ஆழமாகப் போனால் அங்கே காற்றுக் கசியலாம். அரிது, ஆனால் நடந்திருக்கிறது. ஊசி போட்ட அன்றோ மறுநாளோ நெஞ்சு குத்தலும் மூச்சுத்திணறலும் வந்தால், ‘ஊசி வலிதான்’ என்று படுத்துவிடாமல் மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டதைச் சொல்லுங்கள்.

கரன்ட்: பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு இது கூடாது. உங்களுக்கு அது இல்லை. ஒரே தோளுக்குள் பாய்ச்சும் சிறு மின்சாரம் இதயத்தைப் பாதிக்காது. நெஞ்சுக்குக் குறுக்கே இரண்டு பக்கமும் ஊசி வைத்து இணைக்க மட்டும் சம்மதிக்காதீர்கள். துடிப்பு இதமாகத் தெரிந்தால் போதும். பொறுக்க முடியாத அளவுக்கு ஏற்றினால் பலன் கூடும் என்பது தவறான எண்ணம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவராக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பணம்: முன்பணம் கட்டாதீர்கள். வாரம் இரண்டு என்று நான்கு தடவை, அதாவது 2,400 ரூபாய் வரை செய்து பாருங்கள். ஊசி போட்ட நாளிலேயே, ஊசியை எடுத்த பிறகு, மேலே சொன்ன பயிற்சியைச் செய்யுங்கள். வலி மரத்திருக்கும்போது அளவு தெரியாமல் போகலாம் என்பதால் அன்று எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம். நான்கு தடவைக்குப் பின்னும் இரவுத் தூக்கமும், கோலைத் தள்ளும்போது கை விரியும் அளவும் மாறவில்லை என்றால் ஐந்தாவது தேவையில்லை.

சர்க்கரையும் ஸ்டீராய்டும் ஆபரேஷனும்

சர்க்கரை உள்ளவர்களுக்கு உறைந்த தோள் அதிகமாக வருகிறது. வந்தால் இறங்க அதிக நாளும் எடுக்கிறது. நீண்ட நாள் கூடிய சர்க்கரை, மூட்டு உறையிலுள்ள நார்ப்பொருளோடு ஒட்டி அதை விறைக்கச் செய்வது இதற்கு ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. 9.1 என்பது ஏற்கெனவே அதிகம். இந்த நிலையில் மாத்திரையை விடச் சொல்பவர் எந்த நாடியைப் பிடித்துச் சொன்னாலும் கேட்காதீர்கள். கூடவே, வலி மாத்திரை எடுக்கிறீர்கள் என்பதால், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் சோதனையையும் செய்துகொள்ளுங்கள்.

ஸ்டீராய்டு என்றாலே பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். மூட்டுக்குள் ஒரு தடவை போடும் ஸ்டீராய்டு ஊசி, தினமும் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரையைப் போன்றதல்ல. உறைந்த தோளில், முக்கியமாக வலி மிகுந்த காலத்தில், சில வாரங்களுக்கு நல்ல நிவாரணம் தரும். என் தேர்வு என்றால் மின் ஊசிக்கு முன் இதைத்தான் சொல்வேன். போட்ட பிறகு சில நாள் சர்க்கரை ஏறும். ஆகையால் முதலில் சர்க்கரையை ஓரளவு இறக்கி, போட்ட வாரம் அடிக்கடி சோதித்துக்கொள்ள வேண்டும்.

ஆபரேஷனுக்கு அவசரம் எதுவுமில்லை. உறைந்த தோள் உள்ள 503 பேரிடம், பிசியோதெரபியோடு ஸ்டீராய்டு ஊசி, மயக்க மருந்து கொடுத்துக் கையை அசைத்து விடுவித்தல், துளை வழி அறுவை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு 2020இல் பிரிட்டனில் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் எதுவும் மற்றவற்றைவிடச் சொல்லத்தக்க அளவுக்கு மேலாக இல்லை. உறைந்த தோள் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளில் தானாகவே தளர்கிறது. சிலருக்குச் சிறிது விறைப்பு மிஞ்சுகிறது.

காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, விழுந்த பிறகு திடீரெனக் கை தூக்க முடியாமை, கழுத்திலிருந்து விரல் வரை மரத்துப்போதல், படி ஏறும்போது தோள்வலியோடு நெஞ்சடைப்பு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால், மேலே சொன்ன எதற்கும் காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள்.

இல்லையென்றால், இன்றைக்கே மகளை விட்டு இரண்டு அளவு எடுத்துத் தேதியோடு குறித்து வையுங்கள்: கோலைத் தள்ளும்போது வலது முன்கை எவ்வளவு தூரம் விரிகிறது, வலது கட்டைவிரல் முதுகில் எந்த இடம் வரை ஏறுகிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அளந்தால் போதும். மருத்துவரிடமோ ஊசி மையத்திலோ ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால், அந்தத் தாளைக் காட்டுங்கள்.